ஐம்பத்து மூன்று மணிச் செபமும் பாட்டியின் ஏடும்: மலேசியத் தமிழ்க் கத்தோலிக்கப் பெருங்குடும்பத்தின் அன்றாட வாழ்வும் நினைவு மரபும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வாழ்வியல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தோட்டம், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகிய மூன்றையும் மையமாகக் கொண்டு அமைந்துள்ளன. கிறித்தவத் தமிழர் பற்றிய செய்திகள் அவற்றில் ஒரு பத்தி அளவிலேயே இடம்பெறுகின்றன. அப்பத்தியும் எந்த ஆண்டில் எந்தக் குருவானவர் வந்தார், எங்கே ஆலயம் எழுப்பப்பட்டது என்னும் திருச்சபை வரலாறாகவே நின்றுவிடுகின்றது. ஆலயத்திலிருந்து வீடு திரும்பிய பின்னர் அக்குடும்பத்தார் எவ்வாறு வாழ்ந்தனர், எம்மொழியில் வேண்டினர், யாரை மணந்தனர், இறந்தோரை எவ்வாறு நினைவில் வைத்தனர் என்பன போதிய அளவு எழுதப்படவில்லை.

இக்கட்டுரை ஒரு பெருங்குடும்பத்தின் அன்றாட வாழ்வை முன்வைத்து அவ்வினாக்களுக்கு விடை காண முற்படுகின்றது. அக்குடும்பம் நம் தாய்வழிப் பாட்டனாரின் குடும்பமாகும். தன் வீட்டைத் தானே ஆராய்வதில் பற்றும் மறதியும் கலந்துவிடும் என்பதை நாம் அறிவோம். ஆயினும், வீட்டுக்குள் நிகழ்ந்தவற்றை வெளியிலிருந்து வருபவர் கேட்டறிவது அரிது. கேட்டறிவதற்குரிய முதியோரும் குறைந்து வருகின்றனர்.

வரலாற்றுப் பின்புலம்

மலாயாவில் தமிழ்க் கத்தோலிக்கரிடையே பணியாற்றியவர்களுள் பாரிசு அயல்மறைப்பணிச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருமார் குறிப்பிடத்தக்கவர்கள். அச்சபையின் குருத்துவக் கல்லூரி 1808ஆம் ஆண்டிலேயே பினாங்கில் நிலைபெற்றுவிட்டது. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த லூர்து மாதா ஆலயம் 1888இல் கட்டி முடிக்கப்பெற்றது. வடபேராக்கில் பாகான் செராய்க்கு அருகே, பின்னாளில் மலாக்கா ஆயரான ரெனே ஃபே அடிகளார் 1880களில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியேற்றம் ஒன்றை உருவாக்கினார். சூசையப்பரின் பெயரால் அவ்விடம் சூசைப்பாளையம் என வழங்கலாயிற்று. கோலாலம்பூரின் புடு வட்டாரத்தில் தமிழருக்கான புனித அந்தோணியார் ஆலயம் 1910இல் அமைந்தது. சீர்திருத்தச் சபையாரிடத்தும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்தன. சிங்கப்பூரில் தமிழ் மெதடிஸ்டு சபை 1887இல் தோன்றியது.

இவ்வாறு உருவான சமூகத்தின் ஒரு சிறு கிளையே நம் பாட்டனார் வீடு. அவர் திருச்சிராப்பள்ளி வட்டாரத்திலிருந்து தமையனாருடன் வந்து, வடபேராக்கில் ஒரு தோட்டத்தில் கிராணியாகப் பணியாற்றியவர். பாட்டியாருக்குப் பதினொரு பிள்ளைகள் பிறந்தனர். ஒன்பதின்மர் வளர்ந்து ஆளாயினர். 1980களில் நாம் பள்ளி விடுமுறைக்கு அவ்வீட்டிற்குச் சென்றபோது, மாமன்மார், அத்தைமார், அவர்தம் பிள்ளைகள் என ஒரே கூரையின்கீழ்ப் பதினாறு பேர் வாழ்ந்தனர்.

ஒரு நாளின் ஒழுங்கு

அவ்வீட்டில் சுவர்க் கடிகாரம் இருந்தது. எனினும், நாளை வகுத்தது அதுவன்று. காலை ஆறு மணி, நண்பகல், மாலை ஆறு மணி ஆகிய மூவேளையும் சொல்லப்படும் திரிகாலச் செபமே பொழுதைப் பகுத்தது. காலைச் செபம் முடியும் முன்னர் அடுப்பில் உலை ஏறியிருக்கும். நண்பகல் செபத்தைப் பாட்டி சமையற்கட்டில் நின்றவாறே சொல்வார். கையில் கரண்டி இருக்கும். வாய் மந்திரத்தை முணுமுணுக்கும். இடையிடையே, “தம்பி, கோழி உள்ளே வருது பார்” என்னும் ஆணையும் அம்மந்திரத்தோடு கலந்து வரும். அதனை எவரும் பிழையாகக் கருதியதில்லை.

இரவு ஏழு மணிக்குச் செபமாலை. நாம் கட்டுரைத் தலைப்பில் குறிப்பிட்ட ஐம்பத்து மூன்று மணிச் செபம் என்பது இதுவே. தொடக்கத்தில் மூன்று மணிகள், பின்னர்ப் பத்துப் பத்தாக ஐந்து தொகுதிகள் என மொத்தம் ஐம்பத்து மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரங்கள் சொல்லப்படுவதால் இப்பெயர் வந்தது. ஒவ்வொரு தொகுதியையும் ஒருவர் தலைமையேற்றுச் சொல்ல வேண்டும். ஐந்து தொகுதிகளும் வயது வரிசைப்படி பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டன. முதன்முறையாகப் பத்து மந்திரங்களைத் தவறின்றிச் சொல்லி முடித்த நாளே, அவ்வீட்டில் ஒரு குழந்தை ‘பெரிய பிள்ளை’ ஆன நாளாகும்.

திங்களும் வியாழனும் சந்தோஷத் தேவ இரகசியங்கள். செவ்வாயும் வெள்ளியும் துக்கத் தேவ இரகசியங்கள். ஏனைய நாள்களில் மகிமைத் தேவ இரகசியங்கள். பள்ளிக்குச் செல்லாத வயதினரும் இவ்வொழுங்கின் வழியே கிழமைகளை அறிந்துகொண்டனர். இவற்றோடு ஒளியின் மறையுண்மைகளைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002இல் சேர்த்தபோது பாட்டி உயிரோடில்லை.

செபம் முடிந்ததும் இளையோர் ஒவ்வொருவராக மூத்தோர்முன் சென்று கைகூப்பி, ‘சர்வேசுரனுக்குத் தோத்திரம்’ என்பர். மூத்தோர் நெற்றியில் பெருவிரலால் சிலுவை அடையாளம் இடுவர். பகலில் சண்டையிட்ட மாமனும் மருமகனும்கூட அவ்வேளையில் ஒருவரையொருவர் தவிர்க்க இயலாது. உணவு அதன் பின்னரே பரிமாறப்பட்டது. பெருங்குடும்பம் ஒன்று சிதறாமல் நிற்பதற்கு அன்பு மட்டும் போதாது. நாள்தோறும் நேருக்கு நேர் நிற்கச் செய்யும் ஒரு முறைமையும் வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

பெயர் வழங்கும் மரபு

குழந்தை பிறந்ததும் வீட்டார் பார்த்தது ஆலய நாள்காட்டியையே. அந்நாளுக்குரிய புனிதரின் பெயரோ, மறைந்த பாட்டன் பாட்டியரின் பெயரோ வைக்கப்பட்டது. பிறந்த நாளைவிட அப்புனிதரின் திருநாளே சிறப்பாகக் கொண்டாடப்பட்டது. இப்பெயர்களை மூவகையாகப் பகுக்கலாம்.

முதல்வகை, போர்த்துக்கீசியத்தின் வழியே வந்து தமிழ் ஒலிமரபுக்கு இயைந்தவை: சந்தியாகு, இன்னாசி, அந்தோணி, சவரி. இரண்டாம் வகை, பொருளைத் தழுவி ஆக்கப்பட்டவை. பவுல் என்பதன் இலத்தீன் மூலம் ‘சிறியவர்’ எனப் பொருள்படுமாதலின் சின்னப்பர் ஆயிற்று. அமல உற்பவி என்னும் மாதாவின் பட்டம் அமலோற்பவம் என்னும் பெண்பெயராயிற்று. வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பரை வளன் என அழைத்ததும் இவ்வகையினதே. மூன்றாம் வகை, திருத்தலங்களின் நினைவாக அமைந்தவை: வேளாங்கண்ணியை நினைவூட்டும் ஆரோக்கியம், ஏலாக்குறிச்சியை நினைவூட்டும் அடைக்கலம், தூத்துக்குடியை நினைவூட்டும் பனிமயம்.

மூன்றாம் வகையே நம் கருத்தைப் பெரிதும் ஈர்க்கின்றது. கடல் கடந்து வந்து மீண்டும் ஊர் திரும்பாதவர் தம் பிள்ளையை அழைக்கும்போதெல்லாம் தம் ஊர்ப்பக்கத்து ஆலயத்தையும் அழைத்தனர். நம் தாயாரின் தமக்கை அடைக்கலமேரி தமிழ்நாட்டை ஒருமுறையேனும் கண்டதில்லை. ஆனால் அவர் பெயரில் ஒரு வரைபடம் இருந்தது.

உறவுமுறையும் இருவகைச் சட்டமும்

திருமணத்தில்தான் தமிழ் மரபும் திருச்சபை விதியும் நேருக்கு நேர் சந்தித்தன. தமிழ் உறவுமுறையில் மாமன் மகளும் அத்தை மகளும் மணத்திற்குரியவர்கள். சித்தப்பா, பெரியப்பா மகளிர் உடன்பிறந்தோர். திருச்சபைச் சட்டம் இவ்வேறுபாட்டை அறியாது. அதன் கணக்கில் மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஒரே தொலைவில் நிற்கும் இரத்த உறவினரே. ஆகவே முறைப்பெண்ணை மணக்க விரும்பும் கத்தோலிக்கர் ஆயரின் விதிவிலக்கைப் பெறவேண்டும். 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் 1983ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இந்நிலை மாறவில்லை.

நம் குடும்பத்தார் இரண்டையும் கைவிடவில்லை. யாரைக் கேட்பது என்பதைத் தமிழ் முறைப்படி முடிவு செய்தனர். கேட்டபின் திருச்சபையிடம் அனுமதி வேண்டினர். அதன்பொருட்டு இரு வீட்டாரின் வழிமுறையையும் தாளில் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. நம் மூத்த மாமாவின் திருமணத்திற்காக வரையப்பட்ட அவ்வழிமுறைப் படியே இன்று எமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குடும்ப ஆவணம். தடை செய்ய எழுந்த சட்டம் நினைவைக் காத்துத் தந்தது வியப்பிற்குரியது.

ஞானப்பெற்றோரைத் தெரிவு செய்வதிலும் இத்தகைய எச்சரிக்கை காணப்பட்டது. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி ஞானத்தந்தைக்கும் அவர் ஏந்திய பிள்ளைக்கும் இடையே மணத்தடை உண்டு. 1983இல் அத்தடை நீங்கியது. எனவே முறைப்பையன் எவரையும் பெண்குழந்தையை ஏந்தவிடாமல் பாட்டி பார்த்துக்கொண்டார்.

நாட்டுச் சட்டமும் இங்குக் கருதத்தக்கது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. மாமன் அக்காள் மகளை மணத்தலை அது பொதுவாகத் தடை செய்து, இந்து சமயத்தாருக்கு மட்டும் அவர்தம் வழக்கம் கருதி விலக்களிக்கின்றது. ஒரே ஊரிலிருந்து வந்து, ஒரே உறவுச் சொற்களைப் பேசும் இரு தமிழ்க் குடும்பங்கள், சமயத்தால் இருவேறு சட்ட நிலைகளில் நிற்பதை இது காட்டுகின்றது.

மறைக்கப்பட்ட நினைவு ஒன்றையும் இவ்விடத்தில் குறிப்பிடுதல் கடமையாகும். வீட்டில் சாதிப் பெயரை எவரும் உரக்கச் சொன்னதில்லை. ஆனால் வரன் பேசும்போது, ‘அவங்க ஊர்லே எந்தத் தெரு?’ என்னும் வினா தவறாமல் எழுந்தது. தமிழ்நாட்டில் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. வீட்டினுள் நின்ற சுவர் அவ்வளவு விரைவில் இடியவில்லை. பெருங்குடும்பத்தின் இனிய நினைவுகளைப் பதிவு செய்வோர் இதனை விட்டுவிடுதல் நேர்மையாகாது.

நோன்பும் விருந்தும்

தவக்காலத்தைப் பாட்டி ‘தபசு காலம்’ என்றே குறிப்பிடுவார். இறைச்சி விலக்கும் நாளுக்குச் சுத்தபோசனம் என்றும், ஒருவேளை மட்டும் நிறைய உண்ணும் நாளுக்கு ஒருசந்தி என்றும் பெயர். அக்காலத்தில் வானொலிப் பெட்டி துணியால் மூடப்பட்டது, மணப்பேச்சும் நிறுத்தப்பட்டது. பெரிய வெள்ளியன்று ஆலயத்திலிருந்து திரும்பியதும் கஞ்சியும் துவையலும் மட்டுமே உண்டு. அன்று அண்டை வீட்டு இந்துக் குடும்பத்தினரும் அக்கஞ்சிக்காகப் பாத்திரத்தோடு வருவர்.

கிறித்துப் பிறப்பு விழாவிற்கு இரு வாரங்களுக்கு முன்னரே முறுக்கும் அதிரசமும் சுடத் தொடங்குவர். தீபாவளிக்கு அண்டை வீடுகளிலிருந்து வந்த தட்டுகளின் எண்ணிக்கை பாட்டியின் நினைவில் இருக்கும். ஒரு தட்டும் வெறுமையாகத் திரும்பியதில்லை. சூலை 26ஆம் நாள் வரும் புனித அன்னம்மாள் திருவிழாவிற்குப் புக்கிட் மெர்தாஜாமுக்கு ஒரு வேன் நிறையச் செல்வோம். கூட்டத்தில் தொலையாதிருக்க ஒவ்வொரு சிறுவனும் ஒரு பெரியவரின் பொறுப்பில் விடப்படுவான். அவ்வாறு கைப்பிடித்து நடந்தவர்களே பின்னாளில் ஒருவருக்கொருவர் கல்விக் கட்டணம் செலுத்தியவர்களும் ஆயினர்.

இவையனைத்தும் யாருடைய உழைப்பால் நடந்தன என்பதும் கேட்கப்பட வேண்டும். பதினாறு பேருக்கு நாள்தோறும் சமைத்தவர் பாட்டியும் இரு மருமகளிருமே. மூத்த பெரியம்மா தம்பி தங்கையரைக் கவனிப்பதற்காக நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ‘நான் படிச்சிருந்தா நீங்க எல்லாம் பட்டினி’ என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அச்சிரிப்பின் பொருள் எமக்கு நெடுங்காலம் விளங்கவில்லை.

மூன்று தலைமுறை, மூன்று மொழி

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன்னர் ஆலயத்தின் பூசை இலத்தீனில் நடந்தது. வீட்டுச் செபமோ தொன்றுதொட்டுத் தமிழிலேயே நிகழ்ந்தது. ஆகவே இக்குடும்பத்தாருக்குத் தமிழ், வீட்டில் சமயமொழியாகவும் விளங்கிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நீண்ட செபங்களை மனப்பாடமாகச் சொன்னதற்கு இதுவே காரணம்.

சங்கத்திற்குப் பின்னர் ஆலயத்திலும் தமிழ் ஒலித்தது. ஆனால் அது வேறு தமிழாக இருந்தது. சர்வேசுரன் கடவுள் ஆனார். சேசுநாதர் இயேசு ஆனார். சம்மனசு வானதூதர் ஆயிற்று. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆயிற்று. அருளப்பர் யோவானாகவும் இராயப்பர் பேதுருவாகவும் மாறினர். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு இப்புதிய வழக்கை நிலைப்படுத்தியது. அதன் தமிழ் தெளிவானது. பிற சபையாரோடு உரையாட உதவுவது. ஆயினும் பாட்டி இறுதிவரை, ‘என் சாமிக்குப் பேரை மாத்திட்டாங்க’ என்றே கூறிவந்தார்.

பாட்டி ‘பூசை’ என்றார். தாயார் ‘திருப்பலி’ என்கின்றார். எம் பிள்ளைகள் ‘மாஸ்’ என்கின்றனர். முதல் மாற்றம் தமிழுக்குள் நிகழ்ந்தது. இரண்டாம் மாற்றம் தமிழைவிட்டே வெளியேறியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது.

பாட்டியின் ஏடு

செபமாலையின் முடிவில் பாட்டி நீல அட்டையிட்ட ஒரு பள்ளிக் குறிப்பேட்டை எடுப்பார். அதில் மரித்த உறவினரின் பெயர்களும் அவர்கள் இறந்த நாள்களும் எழுதப்பட்டிருந்தன. அன்றைய நாளுக்குரிய பெயர் இருப்பின் அதனை வாசித்து, ஒரு பரலோக மந்திரம் சொல்வோம். முன்கூட்டியே குருவானவரிடம் காணிக்கை கொடுத்து அன்னாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்பட்டிருக்கும். பிறந்து சில நாள்களில் இறந்த இரு பிள்ளைகளின் பெயர்களும் அவ்வேட்டில் உண்டு.

நாற்பத்தேழு பெயர்களுள் ஒன்றற்கு மட்டும் நாள் எழுதப்படவில்லை. அது பாட்டனாரின் தமையனார் சந்தியாகுவின் பெயர். 1943இல் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டவர் அவர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை அவ்வாண்டு அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் திரும்பவில்லை. அவரும் திரும்பவில்லை. கல்லறை இல்லை, சான்றிதழ் இல்லை, இறந்த நாளும் இல்லை. பாட்டனார் பல ஆண்டுகள் அப்பெயரை ஏட்டில் எழுதவே ஒப்பவில்லை. எழுதினால் இறந்ததாக ஒப்புக்கொள்வதாகும் என்பது அவர் எண்ணம். அவர் மறைந்த பின்னரே பாட்டி அதனை எழுதினார். மரித்தோர் அனைவரையும் நினைவுகூரும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, அப்பெயர் வாசிக்கப்பட்டது. நாளில்லாதவருக்கு எல்லாருடைய நாளும் உரியதாயிற்று.

பாட்டி 1998இல் மறைந்தார். ஏடு மூத்த பெரியம்மாவிடம் சென்றது. 2019இல் அவரும் மறைய, எம்மிடம் வந்தது. பேரப்பிள்ளைகள் முப்பத்து நால்வருள் அதனை வாசிக்கக்கூடியவர் பன்னிருவர். அவர்தம் பிள்ளைகளுள் மூவர்.

அண்மையில் உறவினர் ஒருவர் அவ்வேட்டை உரோமன் எழுத்தில் பெயர்த்து அனைவருக்கும் அனுப்பினார். நற்பணியே. ஆனால் அதில் சந்தியாகு ஜேம்ஸ் ஆகியிருந்தார். இருவரும் ஒரே புனிதரே என்று அவர் விளக்கினார். அது மெய்யே. எனினும், தோட்டத்திலிருந்து வண்டியேற்றிச் செல்லப்பட்டவரை அவர்தம் தாய் ஜேம்ஸ் என்று அழைத்ததில்லை. நெடுநேரம் பேசிய பின்னர், பெயர்கள் அழைக்கப்பட்டவாறே எழுதப்படவேண்டும் என்றும், தமிழ் எழுத்தும் உடன் இருக்கவேண்டும் என்றும் குடும்பத்தார் இசைந்தனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. தமிழ்க் கிறித்தவப் பெருங்குடும்பம் சமயம் மாறியதனால் தமிழ் மரபினின்று விலகிய ஒன்றன்று. உறவுமுறை, உணவு, வேண்டுதல் ஆகியவற்றில் தமிழ் மரபைத் தன்போக்கில் தொடர்ந்த ஒன்றாகும். அதன் நினைவு நூல்களைவிடப் பெயர்களிலும், நாள்தோறும் சொல்லப்பட்ட செபத்திலும், வீட்டுப் பெண்டிர் வைத்திருந்த ஏடுகளிலுமே தங்கியுள்ளது. ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் காக்கப்படுகின்றன; வீட்டு ஏடுகளோ பழைய தாள்களோடு எறியப்படுகின்றன. நம் மாணவர்கள் தத்தம் வீடுகளில் உள்ள இத்தகைய ஏடுகளைத் தேடிப் படியெடுத்தல் வேண்டும். எச்சமயத்தார் வீடாயினும் இது பொருந்தும்.

கூட்டுக்குடும்பம் மீண்டும் வருதல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. பெரியம்மாவின் பள்ளிப்படிப்பை விலையாகப் பெற்ற வாழ்க்கையை மீண்டும் வேண்டுதல் முறையாகாது. ஆயின் அவ்வாழ்க்கை காத்துவைத்த நினைவு எமக்குரிய கடனாகும். சென்ற கல்லறைத் திருநாளன்று எம் இளைய மகள் அவ்வேட்டை எழுத்துக் கூட்டி வாசித்தாள். நாள் எழுதப்படாத பெயரை அடைந்ததும் நிறுத்தி, “இவருக்கு ஏன் தேதி இல்லே?” என்று கேட்டாள். அன்றிரவு செபம் முடிய நெடுநேரமாயிற்று.